குளோரெல்லாத் தொட்டியில் நல்ல பாக்டீரியா: கேள்வி பதில்

காரைக்குடி: அண்ணே, பயிருக்கு விடும் அசோஸ்பைரில்லம் பாக்டீரியாவைப் பாசிக்கும் விடலாமா?

விடலாம். அது சுரக்கும் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி, குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசியின் வளர்ச்சியைத் தூண்டும். பதிலுக்குப் பாசி கசியவிடும் கரிமப் பொருளைத் தின்று பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். விரிவாக்க மையத்தில் திரவமாகக் கேட்டு வாங்குங்கள். பொடிப் பாக்கெட்டில் இருப்பது பழுப்பு நிலக்கரித் தூள். தண்ணீர் கறுத்து வெளிச்சம் உள்ளே இறங்காது. மில்லிக்கு 10 கோடி உயிரணு உள்ள திரவம் என்றால், 10 லிட்டருக்கு 10 மில்லி. தொட்டியில் மில்லிக்கு 1 லட்சம் நிற்கும், தொடங்க அது போதும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் காற்று விட்டு வைத்து, குளோரின் போன பிறகே ஊற்றுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் பாக்டீரியா விடாத தொட்டி ஒன்று கட்டாயம் இருக்கணும்.

பள்ளத்தூர்: ஸ்பைருலினா என்ற சுருள்பாசிக்கு விடலாமா?

வேண்டாம். அதன் தண்ணீர் பிஎச் 9க்கு மேல். அந்தக் காரத்தில் அசோஸ்பைரில்லம் தாங்காது.

தேவகோட்டை: கூடவே கொஞ்சம் வெல்லம் கரைத்து விட்டால்?

கூடாது.

தேவகோட்டை: குளோரெல்லா சர்க்கரையில் வளரும் என்றுதானே படித்தேன்?

குளுக்கோஸில் வளரும், சரிதான். ஆனால் கிருமி நீக்கிய மூடிய கலனில். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ். திறந்த தொட்டியில் அதை முதலில் பிடிப்பது காற்றிலும் தூசியிலும் வந்த பாக்டீரியாதான். பாசி ஒரு முறை பிரிவதற்குள் அது பல முறை பிரிந்துவிடும். ராத்திரியில் ஆக்சிஜன் தீரும். காலையில் மேலே நுரை, புளித்த வாடை.

கானாடுகாத்தான்: எங்கள் தொட்டி வெல்லத்துக்கு அப்புறம் நன்றாக அடர்ந்ததே!

எதை வைத்து அளந்தீர்கள்? கலங்கலை அளந்தால் பாக்டீரியாவும் கணக்கில் சேரும். நியூபாவர் சேம்பரில், அதாவது நுண்ணோக்கியில் செல் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில், பச்சை செல்லை மட்டும் எண்ணுங்கள். வெல்லம் விடாத தொட்டி பக்கத்தில் இருந்ததா?

கானாடுகாத்தான்: இல்லை.

அப்புறம் எப்படிச் சொல்கிறீர்கள்?

புதுவயல்: பஞ்சகவ்யம்?

வெல்லத்துக்குச் சொன்னதேதான்.

காரைக்குடி: பி12 வைட்டமின் தரும் பாக்டீரியா சேர்க்கணுமா?

பாசி இனங்களில் ஏறக்குறைய பாதிக்கு பி12 வெளியிலிருந்து வேண்டும். குளோரெல்லா வல்காரிஸுக்கு வேண்டாம்.

கோட்டையூர்: பாசி, பாக்டீரியா இரண்டையும் ஆல்ஜினேட் (கடற்பாசியில் எடுக்கும் கூழ்ப்பொருள்) உருண்டையில் அடைத்தேன், கரைந்து போகிறது.

பாசி வளரும் சத்துத் தண்ணீரில் பாஸ்பேட் அதிகம். உருண்டையைக் கட்டி வைத்திருக்கும் கால்சியத்தை அது இழுத்துவிடும். பாஸ்பேட்டைக் குறையுங்கள். 2 சதவீத ஆல்ஜினேட்டை 2 சதவீத கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டு, ஒரு மணி நேரம் மெதுவாகக் கலக்கி இறுகவிடுங்கள். பாக்டீரியா இல்லாமல் பாசி மட்டும் அடைத்த உருண்டையும் ஒரு தொட்டியில் போடுங்கள்.

சாக்கோட்டை: ஸ்பைருலினாவுக்கு விடலாமா அண்ணே?

பள்ளத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.