ஒலித்தட்டில் சுருதி சேரவில்லை: குறை யாருடையது?

கேள்வி: பேஸ் கிட்டார் பயிலும் என் மகளுக்காக, ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' சிடி ஒன்றைப் பழைய ஒலித்தட்டுக் கடையில் வாங்கினேன். முதல் பாடலான 'ஸோ வாட்'டுடன் சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவே இல்லை. கடைக்காரர் எங்கள் ட்யூனர்தான் (சுருதி காட்டும் கருவி) பழுது என்கிறார். திருப்பிக் கொடுக்கலாமா? அவள் கேட்டுப் பழக வேறு எவற்றை வாங்கலாம்?

பதில்: உங்கள் ட்யூனரில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு, உங்கள் மகளின் காதும் சரியாகவே இருக்கிறது. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தப் பாடல் பதிவானபோது, முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைந்து சுருதியும் ஏறிவிடும் என்பதால், முதல் மூன்று பாடல்களும் அரைக்கட்டையில் ஏறக்குறையப் பாதி அளவு உயர்ந்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்பனையாகி வந்தன. அதே நாளில் உடன் ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் டேப்பைக் கொண்டு 1992இல்தான் திருத்திய பதிப்பு வந்தது. 1997 மறுபதிப்பும் திருத்தப்பட்டதே.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஏப்ரல் 22 அன்று பதிவான 'ஆல் ப்ளூஸ்' சுருதி சேர்ந்து, 'ஸோ வாட்' மட்டும் விலகினால், உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு. அதைப் பழுதான சரக்கு என்று வாதிடுவது கடினம். ஆனால் 'திருத்திய பதிப்பு' என்று சொல்லி விற்றிருந்தால் மாற்றித் தரும்படி உறுதியாகக் கேளுங்கள். எப்போதும் வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்க்காமல், கையில் உள்ள தட்டு எந்த ஆண்டின் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும். பால் சேம்பர்ஸின் பேஸ் ஒரு சொற்றொடரைச் சொல்ல, பியானோவும் பின்னர் ஊதுகருவிகளும் இரண்டே அடிகளில் மறுமொழி தரும் அந்தத் தொடக்கத்தைச் சரியான சுருதியில் கூடவே வாசித்துப் பழகுவது, பல பாடங்களுக்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து.

இனி, அவள் கேட்டுப் பழக வேறு சில. ஜாஸ் பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்' (1959) வாங்கும்போது பின்னட்டையில் நேர அளவைப் பாருங்கள். முதலில் வந்த எல்பியில் (வினைல் தட்டில்) பல பாடல்கள் வெட்டிச் சுருக்கப்பட்டன. 'பேர்ட் கால்ஸ்' மூன்று நிமிடச் சொச்சத்தில் முடிந்தால் அது சுருக்கம், ஆறு நிமிடத்தைத் தாண்டினால் முழுமை.

பேஸ் கிட்டார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 1976 தொகுப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதன் முதல் பாடலான 'டோனா லீ'யில் டான் அலியாஸின் காங்கா தாளத்தைத் தவிர வேறு துணையே இல்லாததால், ஃப்ரெட்கள் (கழுத்தில் சுர இடங்களைக் குறிக்கும் உலோகப் பட்டைகள்) நீக்கப்பட்ட பேஸின் ஒவ்வொரு சுரமும் மறைவின்றிக் காதில் விழுகிறது.

ஃபங்க் வகைக்கு ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) நல்லது. ஆனால் 'கமீலியன்' தொடக்கத்தில் வரும் புகழ்பெற்ற பேஸ், பேஸ் கிட்டார் அன்று, ஹான்காக்கே வாசித்த சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி. கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் முறையைக் கேட்க, ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் 1970 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' போதும். முந்தைய ஆண்டு தனித்தட்டாக வந்த 'தேங்க் யூ' பாடலில் அக்குழுவின் பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் அதைச் செய்து காட்டுகிறார்.

வினைல் தட்டு வாங்கினால், '180 கிராம்' என்ற ஒட்டுச்சீட்டுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அது தட்டின் எடையைச் சொல்கிறதே தவிர, எந்த மூல டேப்பிலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தர இயலாது. ஆகவே அடுத்த தட்டை வாங்குமுன், காதை முழுவதும் மூடும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.