விடைக்குறிப்பு 'பி' என்கிறது, உங்களுக்கு 'சி' என்று படுகிறது

தம்பி, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழ்த் தேர்வுக்கு இரண்டு பயிற்சித் தொகுப்புகள் வைத்திருக்கிறீர்கள். ஒரே கேள்விக்கு இரண்டிலும் வேறு வேறு விடை. எதை மனப்பாடம் செய்வது என்று கேட்கிறீர்கள். இரண்டையும் வேண்டாம்.

சில விடைகள் வெறுமனே பழசாகிப் போனவை. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் ஒரு கோப்பை மாற்றி எழுதி உடனே படித்தால் பழைய பிரதி வரக்கூடும் என்பது 2020 டிசம்பர் வரை சரியான விடை. அந்த மாதமே அமேசான் அதை மாற்றிவிட்டது. திருத்தாத தொகுப்புகளில் பழைய விடை அப்படியே கிடக்கும்.

மற்ற குழப்பங்களைக் கேள்வியின் கடைசி வரி தீர்த்துவிடும். பிரைவேட் சப்நெட்டில், அதாவது இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத உள்வலைப் பகுதியில், இருக்கும் சர்வர் எஸ்3-ஐ எட்ட வேண்டும் என்று வையுங்கள். உள்ளிருந்து இணையத்துக்கு வழிவிடும் நாட் கேட்வே வைத்தாலும் நடக்கும், இணையத்துக்குப் போகாமல் எஸ்3-க்கு நேர்வழி தரும் கேட்வே எண்ட்பாயிண்ட் வைத்தாலும் நடக்கும். 'மிகக் குறைந்த செலவில்' என்று கேட்டிருந்தால் எண்ட்பாயிண்ட்தான்; அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நாட் கேட்வேக்கு மணிக்கணக்கிலும் பணம், கடந்து போகும் டேட்டாவுக்கும் பணம்.

ஆகவே சந்தேகம் வந்த கேள்வியில் உங்கள் விடைக்கு வக்காலத்து வாங்காதீர்கள். மற்ற மூன்றும் ஏன் ஆகாது என்று நோட்டில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். எந்த வரி வரவில்லையோ, அதை அமேசானின் ஆவணத்தில் தேடிப் படியுங்கள். குருட்டாம்போக்கில் சரியாக விழுந்ததையும் தவறு என்றே கணக்கில் வையுங்கள். பயிற்சி மதிப்பெண்ணை நம்பி ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். 'அசல் தேர்வில் வந்த கேள்விகள்' என்று விற்பவர்கள் பக்கமே போகாதீர்கள். அது விதிமீறல், சான்றிதழே பறிபோகலாம். நேர்முகத்தில் "ஏன் நாட் வைக்கவில்லை?" என்று ஒருவர் கேட்டால் மனப்பாடம் கைகொடுக்காது.

தேர்வில் 130 நிமிடம், 65 கேள்விகள். அவற்றில் 15-க்கு மதிப்பெண்ணே இல்லை, எவை என்றும் சொல்ல மாட்டார்கள். கேள்விப்படாத சேவை ஒன்று வந்தால் பதறாமல் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு திரும்பிப் பார்க்கக் குறியிட்டு நகருங்கள். தவறுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், காலியாக விட்டால்தான் நஷ்டம். தேர்ச்சிக்கு 1000-க்கு 720.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் கேட்டால் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேதி பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்க் கணக்கில் விண்ணப்பித்துவிட வேண்டும்.