வெளிச்சம் பார்த்து நகரம் பார்: வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூரின் வானம், வெயில், மழை, பூ பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஆண்டு முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. தமிழ்நாட்டு உறவினர்கள் "எந்த மாதம் வந்தால் கோலாலம்பூர் அழகாக இருக்கும்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: வெப்பமானியை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. வெளிச்சம் அப்படி இல்லை, ஐயா. பருவக்காற்று மாற மாற அதுவும் மாறும்.

ஜனவரி, பிப்ரவரியில் வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. கிளந்தான், திரெங்கானு பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வருவதற்குள் அதன் ஈரம் குறைந்துவிடும். காலை வானம் நல்ல நீலம். கோபுரங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். மலை ஏறுபவர்களுக்கும் குழந்தைகளோடு சுற்றுபவர்களுக்கும் இதுதான் வசதி. ஆனால் மேகம் இல்லாத நாளில் அந்தி சப்பென்று முடிந்துவிடும்.

எங்கள் ஓட்டு பருவக்காற்று திரும்பும் இடைக்காலத்துக்கு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறை. ஏப்ரலும் நவம்பரும் நகரில் மழை மிகுந்த மாதங்கள் என்பதால் பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். உள்ளபடி நடப்பது என்னவென்றால், காற்று ஓய்ந்திருக்கும் அந்த நாள்களில் காலை வெயிலில் தரை கொதிக்கும்; மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும்; மதியத்துக்கு மேல் மேகம் குவியும்; மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு காற்றில் தூசி இருக்காது. இடிமேகத்தின் அடிப்பகுதி கரைந்துபோக, மேல்தட்டு மட்டும் வெகு உயரத்தில் பரந்து நிற்கும். சூரியன் மறைந்த பிறகு அந்தத் தட்டின் அடிவயிற்றில் வெளிச்சம் பட்டு, முதலில் பொன், பிறகு செம்மை, கடைசியில் ஊதா என்று நிறம் ஏறும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் வெளிப்போர்வை துருப்பிடிக்காத எஃகும் கண்ணாடியும் ஆனதால் வானத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பத்து நிமிடம் நின்று பார்த்தால் கோபுரமே மூன்று முறை நிறம் மாறுவது தெரியும்.

அன்றைய அந்தி தேறுமா என்று ஆறேகால் மணிக்கே சொல்லிவிடலாம். மேற்கே பாருங்கள். மேகத்துக்கும் அடிவானத்துக்கும் இடையே வெளிச்சக் கீற்று ஒன்று இருந்தால் உடனே கிளம்புங்கள். மேற்கு முழுக்கச் சாம்பல் சுவராக இருந்தால் நிறம் வராது. அப்போதும் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். நனைந்த தார்ச்சாலையில் விளக்குகள் விழும் அழகுக்கு மேற்கின் தயவு தேவையில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளுக்கு முன்னால் தேங்கிய தண்ணீரை, முழங்கால் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். தீபாவளி விளக்கு கட்டியிருக்கும் வாரங்களில் அங்கே தலைகீழாக இன்னொரு தெரு இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காலம். மழை குறைவு, புகைமூட்ட அபாயம் கூடுதல். விடியற்காலையில் சுமத்திராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வரும் சூறைக்காற்று சில நாள்களில் காலைத் திட்டத்தையே கெடுத்துவிடும்.

கேள்வி: உச்சிவெயில் 12 மணிக்குத்தானே வர வேண்டும்? இங்கே ஒன்றேகாலுக்கு மேல்தான் தலையில் இறங்குகிறது. மாலையில் இருட்டும் சட்டென்று வந்துவிடுகிறது. ஏன்?
– ஒரு வாசகி, ரவாங்

பதில்: நம் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோலாலம்பூர் இருப்பதோ 101.7 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் சூரியன் இங்கே 73 நிமிடம் தாமதம். அதில் அரை மணி, 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியதன் விளைவு. நவம்பர் தொடக்கத்தில் உச்சி ஏறத்தாழ 12.57க்கும், பிப்ரவரி நடுவில் 1.27க்கும் வரும். அந்தியும் அதே போல ஆண்டுக்குள் 6.57க்கும் 7.28க்கும் இடையே நகரும். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 22 நிமிடம்தான்.

மார்ச் 28, செப்டம்பர் 15ஐ ஒட்டிய நாள்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மார்ச்சில் 1.18 வாக்கில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இருட்டு சட்டென்று வருவதற்குக் காரணம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவது. மறைந்த 20, 22 நிமிடத்தில் வெளிச்சம் போய்விடும். படம் எடுப்பவர்களுக்குப் பயன்படும் 'நீல நேரம்', மறைந்த 13ஆம் நிமிடத்திலிருந்து 28ஆம் நிமிடம் வரை. வானம் கருநீலமாக இருக்கும். கட்டட விளக்குகளும் எரியும். இரண்டும் ஏறத்தாழச் சம வெளிச்சத்தில் நிற்கும். அதற்குப் பிறகு எடுத்தால் வானம் கறுப்பு, கோபுரம் வெள்ளைக் கட்டி. முக்காலி வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, இரண்டு நொடித் திறப்பில் தொடங்கி, இருட்ட இருட்ட எட்டு நொடி வரை கூட்டுங்கள். கைப்பேசி என்றால் திரையில் கோபுரத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: இரட்டைக் கோபுரத்தை எங்கே நின்று பார்ப்பது நல்லது? ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: இடத்தை விட, அந்த நேரத்தில் சூரியன் உங்கள் முன்னால் இருக்கிறதா முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கேஎல்சிசி பூங்கா கோபுரங்களுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. காலையில் அங்கே போனால் கோபுரத்தின் முகத்தில் வெயில். மாலையில் அது நிழலுருவம். ஆகவே மாலையில் போவோர் நீல நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

கம்போங் பாருவையும் அம்பாங் சாலைப் பக்கத்தையும் இணைக்கும் சலோமா பாலம் 2020இல் திறக்கப்பட்டது. 69 மீட்டர் நீளம். இங்கே கணக்கு நேர்மாறு. மேற்கு வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்க் கோபுரத்தில் விழும். ஜூன், ஜூலை மாலைகளில் இது நேருக்கு நேர் அமையும். டிசம்பரில் காலைச் சூரியன் கோபுரங்களை ஒட்டிய திசையில் கிளம்பும்; நிழலுருவம் விரும்புவோர் அப்போது வரலாம்.

தித்திவங்சா ஏரியிலிருந்து நகரம் தெற்கே தெரியும். விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். காற்று எழும்பியதும் தண்ணீரில் பிம்பம் உடைந்துவிடும். ஏரிக்கரைக்கு ஆண்டு நடுவே நல்லது, அப்போது சூரியன் வடகிழக்கில் உதித்து இடது தோளுக்குப் பின்னாலிருந்து கோபுரங்களைத் துலக்கும்.

மெர்டேக்கா சதுக்கத்தில் குழப்பமே இல்லை. 1897இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் மேற்குப் பார்த்து நிற்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் செங்கல்லின் சிவப்பு ஏறும். காலையில் போனால் கிடைப்பது நிழல்தான்.

கேள்வி: பத்துமலையில் முருகன் சிலையைப் படம் எடுத்தால் சில நேரம் பொன்னாக மின்னுகிறது. பள்ளி விடுமுறையில், ஜூன் மாதம் எடுத்ததில் முகமே இருட்டு. கேமராவில் கோளாறா?
– ஒரு வாசகி, காஜாங்

பதில்: கேமராவில் கோளாறு இல்லை, அம்மா. 42.7 மீட்டர் உயரச் சிலையும் 272 படிகளும் ஏறத்தாழத் தெற்கு நோக்கியவை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை சூரியன் வடக்குப் பக்கம் போகிறது. ஜூன் கடைசியில் நண்பகலில்கூட அது உச்சியிலிருந்து 20 பாகை வடக்கே, அதாவது சிலைக்கு முதுகுப் பக்கம். முகத்தில் நேர்வெளிச்சம் விழ வழியில்லை.

அந்த மாதங்களில் மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவுவதால் முகம் தெளியும். வெள்ளை வானத்தைச் சட்டத்துக்குள் அதிகம் விடாமல் சுண்ணாம்புப் பாறையைப் பின்னணியாக வையுங்கள். இல்லாவிட்டால் கருவி வானத்துக்கு ஏற்பச் சிலையை இருட்டடித்துவிடும்.

தைப்பூசக் காலத்தில் சூரியன் தெற்கே. நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள், கிரீடத்தின் நிழல் கண்ணில் விழும். காலை 9 முதல் 10.30 வரை வெயில் உங்கள் வலப்பக்கமிருந்து சரிந்து விழும். உடையின் மடிப்பும், 2018இல் பூசிய படிக்கட்டு வண்ணங்களும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: சாலையோரம் சில மரங்கள் திடீரென்று இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்குகின்றன. "மலேசிய சக்குரா" என்கிறார்கள். எப்போது பூக்கும்?
– ஒரு வாசகர், சுங்கை பூலோ

பதில்: சக்குராவுக்கும் இதற்கும் உறவில்லை. நடு அமெரிக்காவிலிருந்து வந்த தெக்கோமா இது; எல் சல்வடோர் நாட்டின் தேசிய மரம். கீழே விழுந்த பூவை எடுத்துப் பாருங்கள்: ஊதுகுழல் வடிவம், ஓரம் சுருங்கிய ஐந்து மடல், தொண்டையில் மஞ்சள். ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள்.

நாள்காட்டியை நம்ப வேண்டாம். சில வாரம் வறட்சி, பிறகு ஒரு மழை. அதுதான் இதற்கு அழைப்பு. அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் ஒரு முறையும், ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இன்னொரு முறையும் எதிர்பார்க்கலாம். உச்சம் சில நாள்தான், பலத்த மழை வந்தால் அதுவும் போச்சு. பூத்த செய்தி காதில் விழுந்தால் வார இறுதி வரை தள்ளிப்போடாதீர்கள்.

அங்சானா என்னும் வேங்கை இன்னும் அவசரக்காரி. மஞ்சள் பூ ஒரே நாளில் உதிர்ந்து நடைபாதையை மூடிவிடும், துப்புரவுப் பணியாளர் வருவதற்குள் பார்த்தால் உண்டு. இலையுதிர்காலம் பார்க்க ஆசைப்படுவோர் கெத்தாப்பாங் என்னும் நாட்டு வாதுமையைக் கவனியுங்கள். உதிர்வதற்கு முன் அதன் அகன்ற இலை நரம்போரம் பச்சை மிச்சமிருக்க, நடுவே செம்பாகச் சிவக்கும். கேட்பாரற்று வாகன நிறுத்துமிடங்களில் நடக்கிற விஷயம் இது.

கேள்வி: காரிலிருந்து இறங்கியதும் கேமராக் கண்ணாடியில் பனி படிகிறது. துடைத்தால் மீண்டும் படிகிறது.
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: வெளியே காற்று 24, 25 பாகையிலேயே நீராகிவிடும் அளவுக்கு ஈரம் நிறைந்தது. குளிர்சாதனத்தில் இருந்த கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருக்கும். கேமராவை மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கி, இறங்குவதற்கு அரை மணி முன்பே குளிர்காற்று படாத பின்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஈரம் பையின் வெளியே படியும். பனி படிந்திருக்கும்போது லென்சைக் கழற்றினால் உள்ளேயும் ஈரம் புகும், பிறகு பூஞ்சைதான். வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காக்கும் உலர்பெட்டி வாங்குவது செலவில்லை, சிக்கனம்.

கேள்வி: புகைமூட்டத்தில் சூரியன் சிவந்து அழகாகத் தெரிகிறதே, எடுக்கலாமா?
– ஒரு வாசகி, செராஸ்

பதில்: எடுக்கலாம், வீட்டுச் சன்னலிலிருந்து. நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்துச் சிவப்பை மட்டும் விடுவதால் வரும் நிறம் அது. அந்தத் துகளைத்தான் நீங்களும் மூச்சில் இழுக்கிறீர்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிவேலையைக் குறையுங்கள். 200ஐத் தாண்டினால் போகவே வேண்டாம்.

கேள்வி: 22ஆவது மாடி வீடு. மின்னலைப் பல்கனியில் நின்று எடுக்கலாமா?
– ஒரு வாசகர், வங்சா மாஜு

பதில்: பல்கனி வேண்டாம். இரும்புக் கைப்பிடி, நனைந்த தரை, கையில் முக்காலி. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை உள்ளேயே இருங்கள்.

கண்ணாடிக் கதவு வழியாக எடுத்தாலே போதும். அறை விளக்கை அணைத்து, லென்சைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துணியை வையுங்கள். உள்ளே இருக்கும் எதுவும் பிரதிபலிக்காது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, படத்துக்கு 15 நொடி என்று விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள். மின்னலைப் பார்த்த பிறகு அழுத்தினால் கிடைக்காது. குளிர்சாதனத்தை அரை மணி முன்பே நிறுத்திவிடுங்கள். கதவு குளிர்ந்திருந்தால் அதன் வெளிப்பக்கம் ஈரம் படியும், அதை உள்ளே இருந்து துடைக்க முடியாது.