“அதுவும் பிரான்ஸ்தானே?” – தாஹித்திக்கு வரவிருக்கும் சகோதரிக்கு

அன்புச் சகோதரிக்கு,

பாரிஸ் புறநகரில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் உங்களுக்கு, பசிபிக் கடலில் இருக்கும் பிரெஞ்சு பொலினீசியாவின் தலைநகரான பப்பீத்தேக்கு மாற்றல் வந்திருக்கிறது. அது தாஹித்தித் தீவில் இருக்கிறது. “அதுவும் பிரான்ஸ்தானே அண்ணா, இங்குள்ள காகிதங்களே போதாதா? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என் கணவரும் கூடவே வந்துவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பிரெஞ்சு பொலினீசியா பிரான்சுக்கு உட்பட்டதுதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியிலும் இல்லை. ஷெங்கன் விசா இங்கே செல்லாது. கணவருக்கு இந்தப் பகுதிக்கென்றே தனி அனுமதி வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக வந்தால், விமானம் மாறும் சில மணி நேரத்துக்காக அவருக்கு அமெரிக்க விசாவும் தேவைப்படும். எல்லாம் கைக்கு வந்த பிறகே டிக்கெட் வாங்குங்கள்.

இங்கே எந்தக் காரியமானாலும், அது ‘அரசு’ பார்ப்பதா, ‘நாடு’ பார்ப்பதா என்று முதலில் கேட்க வேண்டும். அரசு என்றால் பாரிஸ். நாடு என்றால் பப்பீத்தேயில் இருக்கும் தன்னாட்சி அரசாங்கம். பாதுகாப்பு, நீதிமன்றம், குடியுரிமை, நாணயம் ஆகியவை பாரிசின் பொறுப்பு. அதன் பிரதிநிதியாக உயர் ஆணையர் இருக்கிறார். வரி, மருத்துவம், பள்ளிக்கல்வி, தொழிலாளர் சட்டம் எல்லாம் நாட்டின் பொறுப்பு. 57 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம்தான் அதன் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. உங்கள் வேலையையே பாருங்கள்: சம்பளம் பாரிஸ் தரும், பள்ளியை நடத்துவது நாட்டின் கல்வி அமைச்சகம். பிரான்சின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இங்கே எடுபடாது. உங்கள் காப்பீடு எந்தப் பக்கம் வருகிறது என்று புறப்படுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சம்பளம் தாஹித்தியில் 1.84 மடங்காகக் கணக்கிடப்படும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருகின்றன, விலை கடுமை. சந்தையில் சேப்பங்கிழங்கும் தேங்காயும் வாழையும் மீனும் கிடைக்கும். நம் வீட்டுச் சமையலுக்கு அது போதும்.

‘தீவு’ என்றதும் ஒரு சின்ன ஊரை நினைக்காதீர்கள். சொசைட்டி, துவாமோத்து, காம்பியே, மார்க்கெசாஸ், ஆஸ்திரால் என்று ஐந்து தீவுக்கூட்டங்கள். நிலம் 4,000 சதுர கிலோமீட்டருக்கு உள்ளேதான்; அது சிதறிக் கிடக்கும் கடலோ ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர். மார்க்கெசாஸ் தாஹித்தியிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர். அங்கே கடிகாரமே அரை மணி முன்னே ஓடும். துவாமோத்துவின் பவளத்தீவுகளில் ஆறு கிடையாது, பலர் மழைநீரைச் சேர்த்துக் குடிக்கிறார்கள். அங்குள்ள சிறு தீவுகளின் பிள்ளைகள் பதினொரு வயதிலேயே வீட்டை விட்டு ரங்கிரோவாவுக்கோ ஹாவோவுக்கோ தாஹித்திக்கோ போய் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் திட்டுவதற்கு முன் எந்தத் தீவுப் பிள்ளை என்று கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு வாருங்கள். அல்ஜீரியா விடுதலை அடைந்தபின் பிரான்ஸ் தன் அணுகுண்டுச் சோதனைகளை இங்கே கொண்டுவந்தது. 1966 முதல் 1996 வரை மொருரோவா, ஃபங்கத்தௌஃபா பவளத்தீவுகளில் 193 சோதனைகள். 1974 வரை திறந்த வெளியிலேயே வெடித்தார்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்தது 2010-இல்தான். உங்கள் மாணவர்களின் தாத்தாக்கள் பலர் அந்தத் தளங்களில் கூலி வேலை செய்தவர்கள். பிரான்சிலிருந்து வருகிற ஆசிரியை இதை அறியாமல் வகுப்பில் நிற்பது எனக்குப் பொறுக்காது.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இது புரிய வேண்டும். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது நம் பெரியவர்களுக்கு எந்தக் குடியுரிமை வேண்டும் என்று முடிவெடுக்கும் வாய்ப்பாவது கிடைத்தது. இங்கே 1842-இல் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் பிரெஞ்சு மேலாதிக்கம் திணிக்கப்பட்டது. 1880-இல் ஐந்தாம் பொமாரே மன்னர் கையெழுத்திட்டுத் தீவுகளை ஒப்படைத்தார். 1958 வாக்கெடுப்பில் பிரான்சை விட்டு விலகலாம் என்று பிரச்சாரம் செய்த தாஹித்தி அரசியல் தலைவர் பூவானா ஆ ஓப்பா கைது செய்யப்பட்டு, தண்டனை பெற்று, பிரான்சுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தத் தண்டனையை பிரெஞ்சு நீதிமன்றம் ரத்து செய்தது 2018-இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

கணவரின் வேலை பற்றி: உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை தரும் சட்டம் 2019 முதல் இருக்கிறது. அவர் பொறுமையோடு வரட்டும். வசிப்பு அட்டைக்கு நீங்கள் போக வேண்டிய இடம் உயர் ஆணையர் அலுவலகம். அது இருக்கும் சாலைக்கு இன்று பூவானா ஆ ஓப்பாவின் பெயர்தான்.