பென்சில் எழுத்தை நம்பாதீர்கள், அட்டையை நம்புங்கள்

கேள்வி: பழைய சுரங்க நகரங்களின் பத்திரிகை அலுவலகப் படங்களைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் நெவாடாவில் தங்கம் எடுத்த ரயோலைட் ஊரின் ‘ரயோலைட் ஹெரால்டு’ அச்சகத்தின் உட்புறம் என்று ஒரு போஸ்ட் கார்டு புகைப்படம் ஆன்லைனில் விலைக்கு வந்திருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் ‘1905’. நடுவில் ஒரு கோடு. ஸ்டாம்ப் கட்டத்தில் ‘அஸோ’ என்ற பெயரும், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணங்களும். வாங்கலாமா? எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், சென்னை

பதில்: அந்த 1905-ஐ அப்படியே ஏற்க வேண்டாம். போஸ்ட் கார்டின் பின்பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் சேதியும் மறு பாதியில் முகவரியும் எழுத அமெரிக்காவில் அனுமதி வந்தது 1907 மார்ச் 1 முதல்தான். ‘அஸோ’ என்பது புகைப்படம் பிரிண்ட் போடும் தாளின் பெயர்; நான்கு முக்கோணமும் மேல்நோக்கிய அஸோ தாளைச் சேகரிப்பாளர்கள் 1904–1918 காலத்தில் வைக்கிறார்கள். ஆக, இந்த அட்டை 1907-க்கு முந்தியது அல்ல. ஹெரால்டு 1905-இல் தொடங்கி, 1912 ஜூனுக்குள் நின்றுவிட்டது. அச்சகம் இயங்கும் நிலையில் படத்தில் தெரிந்தால், படம் அந்த ஏழு வருடங்களுக்குள் அடங்கும்.

ஒரு சிக்கல் உண்டு. 1905-இல் எடுத்த நெகட்டிவை 1908-இல் இந்தத் தாளில் பிரிண்ட் போட்டிருக்கலாம். அதற்கான விடை படத்துக்குள்தான் இருக்கும். விற்பவரிடம் இரு பக்கமும் 1200 டிபிஐ ஸ்கேன் கேளுங்கள். முதலில் கூரையைப் பாருங்கள்: ரயோலைட்டுக்கு மின்சாரம் வந்தது 1907-இல். பல்பு தொங்கினால் 1905 கதை முடிந்தது. பிறகு சுவர்க் காலண்டர், ஜன்னல் கண்ணாடியில் எழுதிய பெயர், மேசையில் விரித்த இதழின் தலைப்பு. எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். ஹெரால்டு என்ற பெயர் படத்தில் எங்குமே இல்லையென்றால், அது ஏதோ ஒரு அச்சகம். அதற்குரிய விலைதான் கொடுக்க வேண்டும். அச்செழுத்துகளை அடுக்கி வைக்கும் டைப் கேஸும் காலால் மிதிக்கும் டிரெடில் மெஷினும் அந்நாளில் எல்லா ஊரிலும் இருந்தவை. அவற்றை வைத்து ஊரைச் சொல்ல முடியாது.

அசலா நகலா என்பது அட்டை கைக்கு வந்த பிறகுதான் உறுதியாகும். அதனால் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். 10 மடங்கு லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சடித்த பிரதி. அசல் புகைப்படத்தில் நிழலும் ஒளியும் புள்ளியின்றி ஒன்றோடொன்று கரையும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஓரத்துக் கரும்பகுதிகளில் நீலச்சாயல் கொண்ட வெள்ளிப் பளபளப்பு தெரிவது நல்ல அறிகுறி. தாளிலுள்ள வெள்ளி வெளியே கசிந்து வருடக்கணக்கில் உண்டாவது அது. போலியில் கொண்டுவருவது கடினம். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடியுங்கள். தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் 1950-களுக்குப் பிந்திய தாள். யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். இப்படிப்பட்ட மறுபிரதிகளில் விவரங்கள் மழுங்கியும், ஓரத்தில் மூலப்படத்தின் விளிம்பு அல்லது குண்டூசி நிழல் விழுந்தும் இருப்பதுண்டு.

பாதுகாப்பில் சென்னையின் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. இந்தப் படங்களின் மேலடுக்கு ஜெலட்டின். ஈரம் ஏறினால் அது உப்பி, ஒட்டியிருக்கும் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ பிடித்துக்கொள்ளும். பிரித்தால் படமே உரிந்து வரும். ஆகவே பிவிசி உறை கூடவே கூடாது. அமிலமில்லாத காகித உறையில் இட்டு, மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, சின்ன ஈரமானி ஒன்றும் வையுங்கள். ஈரப்பதம் 30–50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் உலர்த்திவிட்டுத் திரும்ப வைக்கலாம். சட்டம் போட ஆசைப்பட்டால் படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை கட்டாயம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பென்சில் எழுத்தையும் அழித்துவிடாதீர்கள். தேதி தப்பானாலும் அட்டை யார் யார் கையில் இருந்தது என்பதற்கு அது தடயம். விற்பவரிடம் ‘1905’ விலை கொடுக்காமல், ‘1907-க்குப் பிந்திய பிரிண்ட்’ என்று சொல்லி விலை பேசுங்கள்.