கோட்டைக் கதவை மூடிய அதியமான் அழ வேண்டுமா?

கேள்வி: தகடூர் (இன்றைய தருமபுரி) முற்றுகையை வெப் தொடராக எழுதுகிறேன். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் படை நெருங்கும்போது, வெளியே சிக்கிய ஊர் ஜனங்களை விட்டுவிட்டுக் கதவை மூடச் சொல்கிறான் அதியமான் (இது என் கற்பனை). அந்தப் பாரத்தை அவன் எப்படித் தாங்குகிறான் என்று எழுதத் தெரியவில்லை. ஓசூரில் ஒருவர், "மூன்று எபிசோடு அழ வையுங்கள்" என்கிறார். ஸ்கிரிப்டைத் திருத்தி சேனலில் சேர்க்க 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

அழுகையும் வேண்டாம். கதவை மூடிய மறு நிமிடமே கிணற்றில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று கேட்டு ஆள் வந்து நிற்பான். தலைவனின் துக்கம் அந்த வேலைக்குள்தான் ஒளிந்துகொள்ளும். 2004-இல் தொடங்கிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற விண்வெளித் தொடரில், பேரழிவிலிருந்து தப்பி மிச்சமிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கையைப் பெண் அதிபர் ஒரு பலகையில் எழுதி வைத்திருப்பார். எதிரி பின்தொடர அதுதான் காரணமோ என்ற சந்தேகத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு கிளம்பிய ஒரு விண்கப்பலைச் சுட உத்தரவு போகிறது, எண் இறங்குகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த சேதி வர, ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். அவ்வளவுதான் காட்சி.

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998-இல் வந்த ஒரு எபிசோடு வேறு வழியில் போகிறது. இன்னொரு நாட்டைப் போருக்குள் இழுக்கப் பொய்ச் சாட்சிக்கும் கொலைக்கும் துணைபோன தளபதி, நடந்ததையெல்லாம் பதிவுக் கருவியிடம் சொல்கிறான். இதோடு என்னால் வாழ முடியும் என்கிறான். மறுபடியும் அதையே சொல்கிறான். பிறகு பதிவை அழித்துவிடுகிறான். இரண்டாம் முறை சொல்லும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவனால் முடியவில்லை என்று.

உங்கள் அதியமான், நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தவன். கொடுத்தே பழகிய கை கதவை மூடுகிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களை ஒருமுறை போய்ப் பாருங்கள். மாடு மீட்கச் செத்தவனுக்குக் கல் உண்டு. கதவுக்கு வெளியே செத்தவனுக்கு? அவர்கள் பெயர்களைக் காவலாளியிடம் அவன் ஒவ்வொன்றாகக் கேட்டாலே ஒரு எபிசோடு நிற்கும்.

சரி, ஓசூர்க்காரர். புதியவர்களின் ஸ்கிரிப்டை வாங்கிக்கொள்ள சேனல்கள் ஒழுங்காக ஒரு வழி வைத்திருந்தால் இந்த ஆட்களுக்குப் பிழைப்பே இருக்காது. வைக்க மாட்டார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியது எழுதிய அன்றே உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, செய்தால் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்கவே 30 நாள், அதற்கு மேலும் இழுப்பார்கள், இழுக்கட்டும்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு, கவனியுங்கள். ஒரு கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்து, வேலையாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை அது முதலாளிக்குப் போய்விடும். 15,000 கிடைக்காவிட்டால் அடுத்து இதைத்தான் ஆரம்பிப்பார்கள்: "பணம் வேண்டாம் தம்பி, எங்களிடமே ரைட்டராகச் சேர்ந்துவிடு." சேருவதற்கு முன் எழுதியது உங்களுடையதுதான். ஆனால் எது முன், எது பின் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். சேரும் நாளில் நீட்டும் தாளில், பழைய கதையையும் எழுதிக் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஸ்கிரிப்டை ஏற்கெனவே அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால், கோபத்தில் அந்தப் பேச்சை அழித்துவிடாதீர்கள். தேதியோடு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.