தலைவர் இல்லாத கூட்டத்தில் யார் முடிவெடுப்பது? அனார்க்கிசம் பற்றிய கேள்விகள்

மேலே ஆள்பவர் இல்லாமல் மக்களே கூடிப் பேசி வாழலாம் என்கிற அனார்க்கிசத்தின் பக்கம் மனம் சாய்கிற இளைஞர்கள், அவர்களைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள், சண்டைக்கென்றே வந்தவர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பற்றிச் சுருக்கமாக: பத்தொன்பது வயதில் ஒரு கட்சியின் மாணவர் அமைப்பில் சேர்ந்தேன், இருபத்திரண்டில் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு இருபது வருடமாக இந்த வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பேராசிரியர் இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: யாராவது கண்ணாடியை உடைத்தால் செய்தியில் 'அராஜகம்' என்கிறார்கள். நீங்கள் பேசுவதும் அதே அராஜகம்தானா?

பதில்: சொல் அதேதான், தொல்லையும் அங்கேதான். 'அராஜகம்' என்றால் ராஜா இல்லாத நிலை. கிரேக்கத்து 'அனார்க்கியா'வும் ஆள்பவர் இல்லாத நிலைதான். ஆள்பவர் இல்லையென்றால் அடிதடிதான் நடக்கும் என்று நம்பியவர்கள் இரண்டு சொல்லையும் கலவரத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். 1840ல் புரூதோன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வசவையே எடுத்துத் தனக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார். 'அரசின்மைவாதம்' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் அனார்க்கிஸ்டுகள் அரசை மட்டும் கேள்வி கேட்பதில்லை. முதலாளி, நிலக்கிழார், மதகுரு, சில சமயம் அப்பாவையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதனால் நான் அனார்க்கிசம் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு இருபது வயது. பள்ளியில் படிக்கும்போது ஒரு தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அப்புறம் இடதுசாரிக் கட்சி ஒன்றின் பக்கம் போனேன். இப்போது எந்தக் கட்சி மீதும், எந்த அரசு மீதும் நம்பிக்கை இல்லை. நான் அனார்க்கிஸ்ட் ஆகிவிட்டேனா? இல்லை, இது வயதுக் கோளாறா?

பதில்: தம்பி, முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த அமைப்பில் ஒரு பொதுக்குழு. நாற்பது பேர் மூன்று மணி நேரம் தொண்டை வற்ற விவாதித்து, கையைத் தூக்கி ஒரு தீர்மானம் போட்டோம். பெருமையாக இருந்தது. வெளியே வந்து பார்த்தால் அதே தீர்மானம் வார்த்தை மாறாமல் அச்சடித்த நோட்டீஸாக ஒரு பெட்டியில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. முந்தின நாளே அச்சாகி வந்துவிட்டதாம். தீர்மானம் நல்ல தீர்மானம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் நாங்கள் எதற்கு உட்கார்ந்திருந்தோம் என்ற கேள்வி போகவே இல்லை.

அன்றைக்கே நான் அனார்க்கிஸ்ட் ஆகிவிட்டதாக நினைத்தேன். இல்லை, அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் கசப்பு. கசப்புக்கும் அனார்க்கிசத்துக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

குரோபோட்கினை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யப் பிரபு வம்சம், இளவயதில் ஜார் மன்னரின் அரண்மனையில் அவருக்கு அணுக்கப் பணியாளராக இருந்தவர். 1862ல், பத்தொன்பது வயதில், ராணுவ அதிகாரியாகத் தானே கேட்டு சைபீரியாவுக்குப் போனார். சிறைகளைச் சீர்திருத்தலாம், நகர நிர்வாகத்தைத் திருத்தலாம் என்று உண்மையாகவே உழைத்தார். அறிக்கைகள் எல்லாம் தலைநகரத்தில் போய்த் தூங்கின. மேலிருந்து உத்தரவு போட்டு உருப்படியாக எதையும் செய்ய முடியாது என்று அங்கேதான் அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் தன்னை அனார்க்கிஸ்ட் என்று சொல்லிக்கொண்டது 1872ல், சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் கடிகாரத் தொழிலாளர்களோடு சில நாள் இருந்த பிறகு. நடுவில் பத்து வருடம்! அரசின் மேல் நம்பிக்கை போனது சைபீரியாவில்; மேலே ஒருவர் இல்லாமல் தாங்களே பேசி முடிவெடுக்கிற மனிதர்களைக் கண்ணால் பார்த்தது ஜூராவில். இரண்டாவது நடக்கும்வரை முதலாவது வெறும் சலிப்புதான். உங்களுக்கு முதலாவது நடந்துவிட்டது என்று தோன்றுகிறது. வயதுக் கோளாறு என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள், அவசரப்பட்டுப் பெயரும் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஓட்டுப் போட மாட்டேன், அரசாங்கமே வேண்டாம் என்கிறான். குண்டு வைக்கிற கும்பலோ என்று பயமாக இருக்கிறது சார்.

பதில்: அம்மா, உங்கள் பயத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 1894ல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ, 1900ல் இத்தாலிய மன்னர் உம்பர்ட்டோ, 1901ல் அமெரிக்க அதிபர் மெக்கின்லி: மூவரையும் கொன்றவர்கள் தங்களை அனார்க்கிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர்கள்தான். அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற இளைஞர் 1892ல், இருபத்தொரு வயதில், வேலைநிறுத்தத்தை நசுக்கிய ஓர் எஃகு ஆலை நிர்வாகியைச் சுட்டார். நிர்வாகி பிழைத்துக்கொண்டார். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, அனுதாபம்தான் குறைந்தது. பெர்க்மன் பதினான்கு வருடம் சிறையில் கிடந்தார். இந்த வழி யாரையும் விடுவிக்கவில்லை என்று அனார்க்கிஸ்டுகளே பிறகு நிறைய எழுதியிருக்கிறார்கள். தொழிற்சங்கம், பள்ளிக்கூடம், கூட்டுறவு என்று வேலை செய்தவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை.

மகன் என்ன படிக்கிறான் என்பதைவிட யாரோடு இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். பழைய நண்பர்களை ஒரேயடியாக விலக்குகிறானா, ஆபத்தான காரியத்துக்குத் தூண்டிவிட்டுத் தான் மட்டும் ஒதுங்கி நிற்கிற ஓர் ஆள் கூட இருக்கிறானா என்று பாருங்கள். அது எந்தக் கொள்கையாக இருந்தாலும் கவலைப்பட வேண்டிய விஷயம். வீட்டில் உட்கார்ந்து உங்களோடு வாதாடுகிறான் என்றால் வாதாடட்டும்.

ஓட்டு விஷயத்தில் ஒரு தகவல், அவனிடமே சொல்லுங்கள்: 1936 பிப்ரவரித் தேர்தலில் ஸ்பெயினின் அனார்க்கிஸ்ட் தொழிலாளர்கள் பலர் போய் ஓட்டுப் போட்டார்கள். இடதுசாரிக் கூட்டணி அரசியல் கைதிகளை விடுவிப்பதாக வாக்களித்திருந்தது, சிறையில் இருந்தது அவர்களுடைய ஆட்கள்.

கேள்வி: தோழர், மார்க்சியவாதிகளான நாங்களும் இறுதியில் அரசு உதிர்ந்துபோகும் என்றுதான் சொல்கிறோம். போய்ச் சேருகிற இடம் ஒன்று என்றால் எதற்குத் தனிக்கடை?

பதில்: போகிற வழியில் நடப்பதுதான் சண்டையே. பக்கூனின் என்ற ரஷ்ய அனார்க்கிஸ்ட், மார்க்ஸ் தரப்போடு மோதி, 1872ல் ஹேக் மாநாட்டில் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். தொழிலாளர் பெயரில் அரசைக் கைப்பற்றுகிறவர்கள் புதிய எஜமானர்கள் ஆவார்கள் என்பது அவருடைய எச்சரிக்கை. 1921 மார்ச்சில், ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியில் இருந்தபோது, கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள் சோவியத்துகளுக்கு, அதாவது தொழிலாளர் மன்றங்களுக்கு, சுதந்திரமான தேர்தல் கேட்டார்கள். போல்ஷெவிக் அரசின் செம்படை அவர்களை நசுக்கியது. அதற்கு முந்தின மாதம் குரோபோட்கின் இறந்தபோது, சிறையில் இருந்த அனார்க்கிஸ்டுகள் சிலரை ஊர்வலத்துக்காக ஒரு நாள் மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். மாலையில் அவர்கள் சிறைக்குத் திரும்பினார்கள்.

உங்கள் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த ஒருவரைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: எம்.பி.டி. ஆச்சார்யா. சென்னையில் பிறந்தவர், பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். 1920ல் தாஷ்கண்டில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பட்டபோது உடன் இருந்தவர். சில வருடங்களில் பெர்லினில் அனார்க்கிஸ்ட் ஆகி, கடைசிவரை அப்படியே இருந்தார். நம்மவர் என்று கொண்டாடப் பலருக்குப் பெயரே தெரியாது.

சரி, 'நீங்கள் எங்கே ஜெயித்தீர்கள்?' என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. நீண்ட நாள் நின்ற வெற்றி என்று காட்ட என்னிடம் அதிகம் இல்லை.

கேள்வி: அரசு இல்லையென்றால் ரயில் யார் ஓட்டுவது, மருத்துவமனை யார் நடத்துவது?

பதில்: இப்போது ஓட்டுகிறவர்கள்தான். 1936 ஜூலையில் பார்சிலோனாவில் ராணுவக் கலகம் முறியடிக்கப்பட்ட சில நாட்களில் டிராம் தொழிலாளர்கள் தாங்களே வண்டிகளைப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். குரோபோட்கினுக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் கடல் மீட்புப் படகுச் சங்கம்: தன்னார்வலர்கள், நன்கொடை, அவ்வளவுதான். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாசன வாய்க்கால், மீன்வளம் போன்ற பொதுச் சொத்துகளை மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார், 2009ல் பொருளாதார நோபல் பெற்றார். அவர் அனார்க்கிஸ்ட் இல்லை, அதனாலேயே அவர் சாட்சி எனக்கு முக்கியம்.

ஆனால் ஒரு வாய்க்காலுக்குப் பொருந்துவது அணு உலைக் கழிவுக்கும் பெருந்தொற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

கேள்வி: அரசை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் தனியார் சந்தையிடம் விடச் சொல்கிற அனார்க்கோ-கேப்பிடலிசமும் இதில் சேர்த்தியா?

பதில்: என் கணக்கில் இல்லை. போலீஸை அரசிடமிருந்து வாங்கி முதலாளியிடம் கொடுத்தால் ராஜா மாறினாரே தவிர, போகவில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் தலைவர் கிடையாது, எல்லோரும் சமம். ஆனால் எப்போதும் இரண்டு ஆண்கள் சொல்வதுதான் நடக்கிறது. குறிப்பெடுப்பதும் நாற்காலி அடுக்குவதும் நாங்கள் பெண்கள். சொன்னால் 'இங்கேதான் அதிகாரமே இல்லையே' என்கிறார்கள்.

பதில்: வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. தலைவர் என்ற பெயர்ப்பலகை இல்லையே தவிர, உங்கள் குழுவில் தலைவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகை இருந்தால் இறக்கவாவது செய்யலாம். ஜோ ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி 1970களின் தொடக்கத்தில், பெண் விடுதலைக் குழுக்களைப் பார்த்துவிட்டு, இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்: கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, எழுதிவைத்த கட்டமைப்பும் எழுதாத கட்டமைப்பும்தான் உண்டு, எழுதாத இடத்தில் நண்பர் வட்டம் ஆளும்.

அதனால் எழுதுங்கள். யார் எந்த வேலை, எத்தனை மாதம், யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும், கொடுத்த பொறுப்பை எப்படித் திரும்பப் பெறுவது, எல்லாமே தாளில் இருக்கட்டும். குறிப்பெடுக்கிற வேலை சுழற்சியில் வரட்டும். பணம், சாவி, கடவுச்சொல் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம். அந்த இருவரும் இதைச் சட்டதிட்டம், அதிகாரவர்க்கத்தனம் என்பார்கள். விதி இல்லாததால் லாபம் அடைகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இது புதிய வியாதியும் இல்லை. புரூதோன் பெண்களைப் பற்றி எழுதியதைப் படித்தால் கூசும். ஸ்பெயினில் 1936ல் பெண்கள் 'முஹேரஸ் லிப்ரஸ்', அதாவது 'சுதந்திரப் பெண்கள்' என்று தனி அமைப்பே தொடங்க வேண்டியிருந்தது. சொந்தத் தோழர்களே அதை ஏற்கத் தயங்கினார்கள். உங்கள் குழு திருந்தவில்லையென்றால் வெளியேறுங்கள். அது துரோகம் ஆகாது.

கேள்வி: அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே அனார்க்கிசமும் படிக்கிறேன். இது போலித்தனமா?

பதில்: 1936 நவம்பரில் ஸ்பெயின் அனார்க்கிஸ்டுகள் நான்கு பேர் அமைச்சர்களாகவே ஆனார்கள். அதைவிட உங்கள் முரண்பாடு சின்னது. தேர்வை நன்றாக எழுதுங்கள்.

கேள்வி: இருபது வருடம் கழித்து நீங்கள் இன்னும் அனார்க்கிஸ்ட்தானா?

பதில்: வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் அந்தப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்ற விதியை எழுதியதும் நான்தான். இது மூன்றாவது வருடம். வேறு யாரும் முன்வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் யாரையும் சரியாகக் கேட்கவில்லை என்று என் மனைவி சொல்கிறார். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.